ஓட்டுநர் உட்கார்ந்த இடம்

கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து அந்தப் பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் சூடாக இருந்தது. சுடுகிற சூடு இல்லை, இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்து வைத்த சட்டையின் சூடு. ஆனால் ஆறவே ஆறாது. செவ்வாய்க்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்த நாற்காலி சனிக்கிழமையும் அப்படியே இருந்தது. வீடு பெருக்கும்போது அவர் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தாள். புறங்கையை வைத்துப் பார்த்தாள், யோசித்தாள், பிறகு துவைத்த காலுறைகளை அதன்மேல் காயப் போட்டாள். மழைக்காலம் வேறு. கிடைத்ததை விடுவானேன் என்பது அவள் கட்சி.

ஓட்டுநருக்கு மலக்குடலில் புற்றுநோய். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நா எழவில்லை, பணிமனையில் குடல்புண் என்று சொல்லி வைத்திருந்தார். காலை ஐந்தரை மணி வண்டியை ஓட்டி முடித்துவிட்டு மதியம் ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் சிறுகுடல் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்குமாம். குப்புறப் படுக்க வைத்து, இடுப்பில் குத்திய மைப்புள்ளிகளை வெளிச்சக் கோட்டோடு பொருத்திவிட்டு, "அசையாதீங்க சார்" என்று கருவியை இயக்கும் பெண் வெளியே போய்விடுவாள். முப்பது வருஷம் ஊரையே ஏற்றிப் போனவர், யாரோ இறக்கி வைத்த மூட்டையாகக் கிடப்பார். மொத்தம் இருபத்தைந்து நாள். வீட்டுக்கு வந்து கழிவறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுவார். மனைவி எதுவும் கேட்காதவள் மாதிரி பாத்திரங்களை உருட்டிக் கழுவுவாள்.

வம்பு பணிமனையில்தான் வந்தது. மாலை நேர ஓட்டுநர்கள் சீட்டு கொதிக்கிறது என்று புகார் எழுதினார்கள். பணிமனைக்காரர்களுக்கு எது சூடானாலும் குற்றவாளி இஞ்சின்தான். ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமை மெக்கானிக் இஞ்சினை இறக்கினார், ரேடியேட்டரை மாற்றினார், ஏற்றினார். சூடு போகவில்லை. மறுபடி இறக்கினார். மூன்றாம் முறையும் இறக்கினார். வண்டி ஒன்பது நாள் நின்றது, ஐந்தரை மணிப் பயணிகள் வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்கள், வேலை தெரியாதவர் என்று ஸ்பானரைத் தற்காலிகமாக நீக்க மேலாளர் காகிதத்தை எடுத்துவிட்டார். ஓட்டுநர் அந்த நேரம் கையெழுத்துப் போட வந்திருந்தார். பேசாமல் போயிருக்கலாம், கால் வரவில்லை.

"எழுதாதீங்க சார். சூடு இஞ்சின்ல இல்ல, என்கிட்ட இருக்கு. எனக்கு மலக்குடல்ல கேன்சர். கரண்ட் வைக்கிறாங்க, அந்தச் சூடுதான் இது."

ஓட்டுநர் அங்கிருந்த இரும்பு முக்காலியில் உட்கார்ந்து எழுந்து காட்டினார். ஸ்பானர் தொட்டுப் பார்த்தார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை தொட்டார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னண்ணே? மூணு தடவ இறக்கி ஏத்தினதுல என் இடுப்பே போச்சு."

யாரோ சிரித்தார்கள். ஓட்டுநரும் சிரித்தார், சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. மேலாளர் காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் வயிற்றில் ஒட்டிய மலப்பையோடு இருந்தார். அதற்குச் சின்னவர் என்று பெயர் வைத்தது மனைவி. "சின்னவர் தூங்கிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே பையை மாற்றுவாள். கழிவறைக் கதவு அதன்பிறகு அந்த வீட்டில் சாத்தப்படவில்லை. பையை எடுத்த பிறகு, வெளிக்கு வந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது என்ற நிலையில்தான் வேலைக்குத் திரும்பினார். கால அட்டவணையில் கழிவறை இருந்த நாலாவது நிறுத்தத்துக்கு எட்டு நிமிடம் சேர்த்தார்கள். பயணிகள் இறங்கி நின்று ஊர்க்கதை பேசினார்கள். குளிர் நாட்களில் அவருடைய வண்டியை ஓட்ட மற்ற ஓட்டுநர்களுக்குள் போட்டி நடந்தது.

மூன்றாம் வருஷம் ஒருநாள் ஸ்பானர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கும் வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதுண்ணே. எட்டு மாசமா." பொண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லையாம். ஓட்டுநர் திட்ட வாயெடுத்தார், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். "நாளைக்கு லீவு போடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் நாற்பத்தொன்று கிடைத்தது. உள்ளே பன்னிரண்டு போய்க்கொண்டிருந்தது. கதிர்வீச்சு நாட்களில் ஓட்டுநர் காத்திருந்த அதே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வாரக் கணக்கில் கண் மூடாத ஸ்பானருக்கு அடியிலிருந்து சூடு ஏறி உடம்பு தளர்ந்தது, ஓட்டுநரின் தோளில் தலை சாய்ந்தது. சரியாக அந்த நேரம் ஓட்டுநருக்கு வந்துவிட்டது. கழிவறை பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் தோளைப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டார். நாற்பத்தொன்றைக் கூப்பிடும்வரை ஸ்பானர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.