ஒருமனதாக

...இரண்டு தடவை பார்த்தாயிற்றே, இரண்டு தடவையும் கண் எங்கே போயிற்று, ‘ஏகமனதாக’ என்று இருந்ததை அடித்து ‘ஒருமனதாக’ என்று ஓரத்தில் எழுதியது இந்தக் கைதானே, கட்சியின் சொற்பட்டியலில் ‘ஏக’வுக்கு இடமில்லை, எத்தனை தடவை சொல்வது என்று கம்ப்யூட்டர் பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தியதும் இந்த வாய்தானே, அப்போதெல்லாம் எழுத்தைப் பார்த்தார், சொல்லைப் பார்க்கவில்லை, முட்டாள், வடிகட்டின முட்டாள்... இப்போது கட்சி வரலாற்றின் கடைசிப் புரூஃபில், இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில், பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது: ‘கட்டுப்பாட்டை மீறியதற்காக அவர் கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து ஒருமனதாக நீக்கப்பட்டார்.’ அந்த ‘அவர்’ வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன். ஒருமனதாக என்றால் எல்லாக் கையும் என்று அர்த்தம், எல்லாக் கையும் என்றால் தம்பியின் கையும் சேர்த்துத்தான், இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கவே இல்லை என்று இவர் சாதித்துவருகிற அந்தக் கை. முதல் புரூஃபிலேயே கண்ணில் பட்டிருந்தால் சத்தமில்லாமல் தூக்கியிருக்கலாம், இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் தலைமை அலுவலகத்தின் முத்திரை விழுந்துவிட்டது, கால்புள்ளியை நகர்த்துவதென்றாலும் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு அச்சக மேலாளர் தலையை நீட்டினார். “என்ன ஒற்றய்யா, கையெழுத்துப் போட்டாச்சா? ஒரு மணிக்கு மிஷின் ஓட்டியாகணும், பேப்பரை ஏத்தி வச்சுக்கிட்டு ஆளுங்க சும்மா நிக்கறாங்க.” ஆகிவிட்டது, அரை மணி நேரம், என்றார் இவர். ஒற்று மிகும், ஒற்று மிகாது என்று இருபது வருஷமாக ஆட்களின் உயிரை வாங்கியதற்கு இங்கே கிடைத்த பட்டம் அது, ஒற்றய்யா. அண்ணன் அதைக் கேள்விப்பட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், ஒற்றுன்னா உளவு பாக்கறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்குடா, ஜாக்கிரதை என்றார், ஏன் அப்படிச் சொன்னார் என்று இவர் மூன்று நாள் தூங்கவில்லை... வெறும் கிண்டல்தான். அண்ணனுக்கு எல்லாமே கிண்டல்தான்.

பவள விழாவாம், எழுபத்தைந்து வருஷ வரலாறாம், அதிலும் ஒரு வேடிக்கை, முதல் பதிப்பில் கட்சியைத் தொடங்கியவர்கள் ஏழு பேர், அதற்கப்புறம் ஒன்பது ஆனார்கள், இப்போது பதினொன்று, இன்னும் இரண்டு பதிப்பு போனால் ஊரே ஒன்றுகூடித் தொடங்கியதாக ஆகிவிடும். ஆனால் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் ஒழுகுகிற தகரக் கூரையின் கீழே தொடங்கினார்கள் என்பது உண்மை, ஆலைத் தொழிலாளிகள், பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதனால்தான் சீட்டு எழுதிப் போடுகிற வாக்கெடுப்பே வேண்டாம், கையைத் தூக்குவோம் என்று முடிவாயிற்று, இல்லாமையில் பிறந்த வழக்கம் பத்து வருஷத்தில் கொள்கையாகிவிட்டது, ‘தூக்கிய கை தாழாது’ என்று கொடியிலும் ஏறிவிட்டது. பயப்படாதவன் எதற்கு மறைக்க வேண்டும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இவரும் இருபது வயதில் அதைக் கேட்டுத்தான் புல்லரித்துப்போய் அண்ணன் பின்னால் ஓடிவந்தார். பயந்தவன் என்ன செய்வான் என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை. வேலைநிறுத்தம் இருக்கிறது, சிறை இருக்கிறது, ஆட்சி இருக்கிறது, அப்புறம் ஆலைகளை இழுத்து மூடியவர்களோடேயே கூட்டணி வைத்தது இருக்கிறது, அதற்குக் ‘காலத்தின் கட்டாயம்’ என்று தலைப்பு. அந்த அத்தியாயத்தில்தான் அண்ணன் வருகிறார். ஒரே ஒரு பத்தி. மேடையேறி, “அவங்களோட சேந்துட்டா அப்புறம் நாம எதுக்குங்க?” என்று கேட்டாரே, அந்த ஒரு வரி இல்லை, மீறினார் என்பதும் நீக்கப்பட்டார் என்பதும் மட்டும் இருக்கின்றன.

நீக்குகிற தீர்மானம் வந்தால் சம்பந்தப்பட்டவர் வெளியே போய்விட வேண்டும், முகம் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, அதுவும் கொள்கைதான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், போகும்போது இவர் பக்கம் பார்க்கக்கூட இல்லை, தம்பியை எதற்குப் பார்க்க வேண்டும், தம்பி எப்படியும் தன் பக்கம்தான் என்ற நிச்சயம். இந்தக் கட்சி அச்சகத்தில் வேலை கிடைத்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது, மனைவிக்கு ஏழாம் மாதம், மாவட்டச் செயலாளர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார், முன்னால் இருந்தவர் தூக்கினார், பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், அப்புறம் பார்த்தால் தன் கை மேலே நிற்கிறது... யார் தூக்கியது? வேறு யார், இவர்தான், யாரும் பிடித்துத் தூக்கிவிடவில்லை. அந்தக் கையையே வெறித்துக்கொண்டிருந்தார், சட்டையின் கக்கத்தில் தையல் விட்டிருந்தது, அது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. வெளியே வந்தபோது அண்ணன் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். “நீயும் தூக்கினியாடா?” “இல்லண்ணா.” அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, தும்மல் மாதிரி வந்துவிட்டது. அண்ணன் ஒரு நிமிஷம் பார்த்தார், தோளில் கை போட்டார், வா, டீ குடிக்கலாம் என்றார்.

அதற்கப்புறம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், வீட்டுக்கு வந்தவர் போனவர், சம்பந்தி, மருந்துக்கடைக்காரர், ஒருவர் பாக்கியில்லை, “அவ்வளவு பெரிய கூட்டத்துல கை தூக்காத ஒரே ஆளு என் தம்பி.” சொல்லும்போதெல்லாம் இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார், பார்த்தீங்களா, கூச்சம் என்பார் அண்ணன். அந்தப் பிள்ளையும் தங்காமல், மனைவியும் போய்ச்சேர்ந்த பிறகு தனியாகக் கிடந்த இவரைத் தன் வீட்டு மாடிக்கு அழைத்து வைத்துக்கொண்டதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தானே, சாப்பிடுகிற சோறும் படுக்கிற பாயும் அந்த ‘இல்லண்ணா’வின் மேல்தானே நிற்கின்றன. அதுவும் போனால் இந்த அறுபத்து மூன்று வயதில் எங்கே போவது, எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

போன் அடித்தது, அண்ணன் மகள். “சித்தப்பா, அப்பா காலையிலேருந்து சலவைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரைப் பத்தி வர்ற பாரம், அந்தப் பெரிய தாளு, அச்சாகி வந்ததும் ஒண்ணு மடிச்சு எடுத்துட்டு வரச் சொன்னாராமே? கண்ணுதான் தெரியலையே, நான்தான் சத்தமா படிச்சுக் காட்டணுமாம். சம்பந்தி வீட்டுலேருந்துகூட வந்து உக்காந்திருக்காங்க.” வரேம்மா என்றார். பின்னாலிருந்து அண்ணன் குரல், “நம்மள நீக்குனாங்கன்னாவது பேரு வருதேடி, அது போதும்!” கடவுளே, சத்தமாகப் படிப்பாளாம், கணீரென்று படிப்பாள், பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, ‘ஒருமனதாக’ என்கிற இடத்தில் நிறுத்துவாள், நிமிர்ந்து இவரைப் பார்ப்பாள்.

என்ன செய்யலாம்... சொல்லையே எடுத்துவிடலாம், ‘நீக்கப்பட்டார்’ என்று மொட்டையாக நிற்கும், இடைவெளி விழும், வரியை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். ‘ஒருவர் நீங்கலாக’ என்று சேர்க்கலாமா, சே, செய்ததும் போதாதென்று வரலாற்றில் தனக்கே சிலை வைத்துக்கொள்வதா? தலைமைக்குத் தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும், கிழியட்டும், போகிறது. சிவப்புப் பேனாவைத் திறந்தார், ‘ஒருமனதாக’வின் மேல் ஒரு கோடு இழுத்தார், ஓரத்தில் ‘பெரும்பான்மையோரால்’ என்று எழுதினார், ஒரு சொல்தான், யாருக்கு என்ன நஷ்டம், பெரும்பான்மை என்பது பொய்யா என்ன, எல்லோரும் சேர்ந்தாலும் பெரும்பான்மைதானே... இப்படியெல்லாம்கூட நினைக்க வருகிறதே, தூ.

வெளியே விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள் போலிருக்கிறது, திடீரென்று ஒரு கீச்சல், அப்புறம் சுவர் அதிர, “ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... உள்ளே பேசறது வெளியே கேக்குதா?” யாரோ வெளியிலிருந்து, “தெளிவா கேக்குதுங்க!” என்று கத்தினார்கள். எரிச்சலோடு ஜன்னலைச் சாத்தப் போனவர், கொக்கியில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். உள்ளே பேசுவது வெளியே கேட்க வேண்டும்... இடம் போதாமல் வெளியே நிற்கிற உறுப்பினர்களுக்காக எல்லாக் கூட்டத்திலும் கட்டுவார்களே, ஒரு கூட்டம் தவறியதில்லையே, அன்றைக்கும் கட்டியிருந்தார்களே, அந்தக் காம்பவுண்டுச் சுவரின் மேல், கூம்பு வாயைத் தெருப் பக்கம் திருப்பி! அண்ணன் சாய்ந்து நின்றது அதற்கு நேர் கீழே. கூட்டத் தலைவர் என்ன சொல்லி முடித்தார்? எதைச் சொல்லி முடிப்பார், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று, ‘ஏ’வை ஒரு முழம் நீட்டி, எப்போதும் சொல்கிற மாதிரி. இவர் தன் கக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அண்ணன் காதில் விழுந்திருக்கும். விழுந்த பிறகுதான் அந்தக் கேள்வி.

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் கேட்டார், ‘இல்லண்ணா’ என்றதும் தெரிந்துதான் தோளில் கை போட்டார், இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், கை தூக்காத ஒரே ஆள்... எதற்கு? தம்பியைக் காப்பாற்றவா, இல்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தவா? இவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவாரே, அந்த முதுகைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? மன்னித்துவிட்டாரா, இல்லை, ஒரு நாளாவது வாயைத் திறந்து சொல்வான் என்று இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாரா? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அது இவருக்குத் தெரியவில்லை, தெரியவே இல்லை.

மேலாளர் உள்ளே வந்து புரூஃபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “என்னங்க இது, அடிச்சிருக்கீங்க, எழுதியிருக்கீங்க, கீழ கையெழுத்தக் காணோம். எதைத்தாங்க வைக்கறது? வாயைத் திறந்து சொல்லுங்க.”

வாயைத் திறந்தார். “நானும் தூக்கினேங்க” என்று வந்தது, சொல்ல வேண்டிய ஆளிடம் இல்லை.