பெட்டிக்குள் டாக்டரம்மா கிடையாது

பல் டாக்டரம்மாவின் பிழைப்பே அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்வதுதான். திறந்த வாயால் யாரும் பதில் பேச முடியாது; ஆகவே இத்தனை வருஷமாக அவள் மட்டுமே பேசிப் பழகிவிட்டாள். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆட்டம் முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. என்ன கொடுமை பாருங்கள்!

ஆட்டம் அவளே உண்டாக்கியது. பெயர் 'ஒரே லிஃப்ட்'. நாலு குடும்பம் ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்குக் குடிவருகிறது. லிஃப்டில் மூன்று சாமான்தான் ஏறும். கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், மீன் தொட்டி எல்லாவற்றையும் யார் முதலில் தன் வீட்டில் கொண்டுபோய் இறக்குகிறாரோ அவருக்கு ஜெயம். பல் அச்சு வார்க்கிற மாவிலேயே குட்டிக் குட்டி பீரோக்களை வார்த்திருந்தாள்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர், பிடித்துப்போன ஆட்டங்களைத் தானே அச்சடித்து விற்பவர். போன வருஷம் இன்னொரு ஆட்டத்தை அவரிடம் கொண்டுபோனபோது இவள் ஆடுகிறவர்கள் தலைமேலேயே நின்றுகொண்டு, "அப்படி இல்லை, இப்படி" என்று கடைசிவரை தொணதொணத்தாள். "டாக்டரம்மா, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் உங்களையும் மடிச்சு வச்சு விக்க முடியுமா?" என்று அவர் கேட்டுவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுகை.

இந்தத் தடவை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "முன்னப்பின்ன தெரியாத நாலு பேர், பெட்டி, ரூல்ஸ் பேப்பர், அவ்வளவுதான். நீங்க செஞ்சதுன்னு மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா மூஞ்சிக்காக நல்லாருக்கும்பாங்க. பாதியில மூடி வச்சாங்கன்னா எடுத்துட்டுப் போயிடுங்க. இன்னொரு ஆட்டம் கேட்டாங்கன்னா நான் அச்சடிக்கிறேன்."

ஆக, கடையில் சுவரோரம் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள், மற்றதில் அவள் கணவர். மனுஷர் பெண்டாட்டியைத் தெரிந்தவர். கிளினிக்கிலிருந்து பஞ்சுருளை ஒன்றை எடுத்துவந்து, "கடிச்சுக்கோ" என்று கையில் கொடுத்தார். முறைத்தாள். ஆனாலும் கடித்துக்கொண்டாள்.

மேஜையில் ஒரு மாமியார், அவருடைய மருமகள், ஒரு பஸ் டிரைவர், கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண். கல்லூரிப் பெண் ரூல்ஸைப் படிக்க, ஆட்டம் ஜோராகத்தான் தொடங்கியது. மருமகளின் ஃப்ரிட்ஜோடு லிஃப்ட் நிறைந்துவிட்டது. கீழே மாமியார் தன் மீன் தொட்டியோடு காத்திருந்தார். இடமில்லை. சற்று யோசித்தார். ஃப்ரிட்ஜைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத் தொட்டியை உள்ளே வைத்தார்.

டாக்டரம்மாவுக்குப் பகீரென்றது. அப்படிச் செய்யவே கூடாது! வீட்டில் ஆடிப் பார்த்தபோது ஒருமுறை அவள் பையன் தன் அக்காவின் பீரோவை இப்படி வெளியே தள்ளி, அது பெரிய ரகளையாகி, அதிலிருந்து அந்த வேலையை யாரும் செய்ததில்லை. யாருமே செய்யாததை எதற்கு எழுதுவது என்று எழுதாமலே விட்டுவிட்டாள்.

"இப்படிப் பண்ணலாமா?" என்றார் டிரைவர்.

கல்லூரிப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கூடாதுன்னு எங்கயும் போடலையே, அங்கிள்."

"அப்ப பண்ணலாம்!" என்று அடுத்த முறையே டிரைவர் கல்லூரிப் பெண்ணின் கட்டிலைக் கடாசினார். அவள் அவருடைய பீரோவைக் கடாசினாள். ஒரே கூச்சல், சிரிப்பு. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவையும் அவள் ஃப்ரிட்ஜ் வெளியே வந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"வீட்லயும் இதே கதைதான், இங்கயுமா? நான் வரலை, அத்தை. மூடி வச்சிடலாம்."

போச்சு, எல்லாம் போச்சு. டாக்டரம்மா பாதி எழுந்துவிட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரியாகிவிடும். கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். கண்ணில் நீர் முட்ட, பஞ்சை நறநறவென்று கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மருமகள் எழுந்திருக்கப் போனவள், ஏனோ தாளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தாள். "இருங்க இருங்க. படி வழியா ஒவ்வொரு மாடியா தூக்கலாம்னு போட்டிருக்கே? படியில யாரும் தள்ளிவிட முடியாதே?" மறுபடி உட்கார்ந்தாள். மற்ற மூவரும் லிஃப்டுக்குள் அடித்துக்கொண்டிருக்க, இவள் பாட்டுக்கு முறைக்கு ஒரு மாடியாக ஃப்ரிட்ஜை ஏற்றினாள். மற்றதையும் அப்படியே ஏற்றினாள். கடைசிச் சாமானை இறக்கியபோது டிரைவர் விசிலடித்தார்.

"அடிப்பாவி! என்னை ஏமாத்திட்டியே!" என்று மாமியார் மருமகள் முதுகில் ஒன்று வைத்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னொரு ஆட்டம் போடு. இந்தத் தடவை உன்னை விடறதா இல்லை."

கடைக்காரர் கல்லாவிலிருந்தே டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் பஞ்சை எடுத்தாள். கணவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

டிரைவருக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. காலி நாற்காலியைப் பார்த்த மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சும்மாத்தானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்க வர்றீங்களா? ரொம்ப சுலபம், நான் சொல்லித் தர்றேன். லிஃப்ட்ல இடம் இல்லையா, கூச்சமே படாதீங்க, அடுத்தவங்க சாமானைத் தூக்கி வெளியில வச்சிடுங்க. அதுதான் இந்த ஆட்டமே!"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்படிங்களா? எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள்.