கொட்டகைக்கு வந்த மரியாதை

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைப் பத்து வருஷமாக "அந்த ஓட்டைக் கொட்டகை" என்றுதான் வெல்டர் சொல்லிவந்தார். இந்த மாதம் திடீரென்று அது "பின்னாடி ரூம்" ஆகிவிட்டது. அதற்குள் கிடந்த, கால் ஆடும் பழைய பலகையும் "கட்டில்" ஆகிவிட்டது. அவர் மனைவி தையல்காரி. துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். காரணம் இல்லாமல் ஒரு மனுஷன் தகரத்துக்குப் பதவி உயர்வு கொடுப்பானா?

அவர் வேலைக்குக் கிளம்பியதும் சாவியைத் தேடி எடுத்துக் கொட்டகையைத் திறந்தாள். பலகைமேல் புதுப் பாய், துவைத்த போர்வை, ஒரு தலையணை. தலையணையை முகர்ந்து பார்த்தாள்; அவர் தலைக்கு வைக்கும் எண்ணெய் வாசம்தான். ஒட்டியிருந்த ஒற்றை முடியும் அவருடைய நரைமுடிதான். அப்படியும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை. தலையணைக்கு அடியில் இரண்டு பஞ்சு உருண்டைகள் இருந்தன. இது என்ன எழவுக்கு?

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பஞ்சை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அங்க யார் வந்து படுக்கறா? மழுப்பாம சொல்லுங்க."

வெல்டர் தலையைச் சொறிந்தார். "நான்தான். நீ தூங்கினதும் போயிடுவேன். நீ விடுற குறட்டைக்குப் பக்கத்துல ஒரு மனுஷன் படுக்க முடியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"கதை விடாதீங்க. அதான் கொட்டகைக்கே ஓடிட்டீங்களே, அப்புறம் பஞ்சு எதுக்கு?"

"அங்கயும் கேக்குதே!"