மூச்சு வாங்கும் இடம்

மனைவி யாத்விகாவின் கல்லறையில் வித்தோல்ட் ஏற்றிய விளக்கு மறுபடியும் அணைந்தது. பக்கத்துக் கல்லறையில் சாமந்தித் தொட்டியை வைத்துக்கொண்டிருந்த அம்மாள் தன் விளக்கை நீட்டினாள். "இதுல பத்த வச்சுக்கங்க ஐயா. இந்தக் காத்து யார் பேச்சையும் கேக்காது."

காலையில் வானொலியில் கேட்டது இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. 'மாடிப்படி. இசையமைத்தவர், பியானோக் கலைஞர் போக்தான்.' நோயில் இளைத்துப்போன மனைவி நான்காம் மாடிக்கு ஏறிவரும் ஓசையைக் கேட்டு, வித்தோல்ட் தன் டிரம்பெட்டில் கட்டிய மெட்டு அது. நாலு படி, மூச்சு வாங்க ஒரு நிற்பு, மறுபடி நாலு படி. அதை அவர் மேடையேற்றவே இல்லை. சமையலறையில் வைத்து ஒரே ஒருவருக்குத்தான் வாசித்துக் காட்டினார். வாலிபத்திலிருந்து கூடவே வாசித்து, ரயில் பெட்டிகளில் ஒரே ரொட்டியைப் பிட்டுத் தின்ற போக்தானுக்கு.

வானொலியில் மெட்டு அப்படியே வந்தது. நிற்பு மட்டும் இல்லை. அந்த இடத்தை போக்தானின் விரல்கள் அழகழகாய் நிரப்பியிருந்தன. தன் பெயர் விட்டுப்போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அவளை மூச்சு வாங்கவிடாமல் படியேற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

இறந்தோர் நாளில் கிராக்கோவ் நகரத்து ஜாஸ் கலைஞர்கள் கல்லறைகளுக்கு வந்துவிட்டுத்தான் மேடைக்குப் போவார்கள். வழக்கம்போல் போக்தானும் விளக்கோடு வந்தார்.

"கோவமா, வித்தோல்ட்?"

"காலையிலேருந்து உன்னைத் திட்ட நல்ல வார்த்தையா தேடறேன். இவ முன்னாடி ஒண்ணும் வாய்ல வரமாட்டேங்குது."

"நீ அதை வெளியவே விடலை. கெடந்து மக்கிப் போயிருக்கும்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

போக்தான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "இசைத்தட்டு கடைக்குப் போயிடுச்சு. இனிமே பேரை மாத்த முடியாது."

"பேரை நீயே வச்சுக்க. அவ எங்கடா நிப்பா?"

 போக்தான் குனிந்து தீக்குச்சி உரசினார். காற்று அணைத்தது. மறுபடி உரசி விளக்கை ஏற்றினார், உருகிய மெழுகு விரலில் வழிந்தது.  வித்தோல்ட் தன் தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தார். கோபம் குறையவில்லை. ஆனால் விளக்கு அவளுடையது.

"சாயந்தரம் வாசிக்க வருவியா?"

"செத்தவங்களுக்கு வாசிக்கறது. உனக்காகவா வரேன்?"

சாயந்தரம் நிலவறை அரங்கில் அந்த ஆண்டு நினைவுகூரப்படுபவர்களின் பெயர்களை வாசித்தார்கள். யாத்விகாவின் பெயரும் வந்தது. எல்லோரும் எழுந்து நின்று, சிலுவை அடையாளமிட்டு அமர்ந்தார்கள். கடைசியாக 'மாடிப்படி'. அறிவித்தவர் போக்தானின் பெயரைச் சொன்னார், கூட்டம் கைதட்டியது. வித்தோல்ட் கண்ணை மூடி ஊதத் தொடங்கினார்.

நாலு படி. டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தார்.

பியானோவில் போக்தானின் கைகள் உயர்ந்தன. மெழுகு உறைந்த விரல்கள் கட்டைகளுக்கு மேலே, இன்னும் தொடாமல், அந்தரத்தில் நின்றன.