பூமியளவு உருவம், சூரியனளவு எடை

1

அந்தத் தாளில் இருப்பது அவள் ஒருத்தியின் பெயர்தான். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டால் அவள் இருந்தாள் என்பதற்கு என்ன மிச்சம்?

செல்வாம்பாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் நினைப்பதாக நான்தான் எழுதினேன். [இவ்வளவு ஒழுங்கான வாக்கியத்தில் நினைத்திருப்பாளா? தெரியவில்லை.] உண்மையில் இந்தக் கதை அவளிடமிருந்து பிறக்கவில்லை, ஒரு வானியல் புத்தகத்திலிருந்து பிறந்தது. மாசி மாதம் விளக்கு வைத்த பிறகு முத்தியால்பேட்டைக் கூரைகளுக்கு மேலே வெறுங்கண்ணுக்கே தெரிகிற வெள்ளை நட்சத்திரம், சிரியஸ். மேற்பரப்பில் பத்தாயிரம் டிகிரி வெப்பம். சூரியனைப்போல் இரு மடங்கு எடை, இருபது மடங்குக்கும் மேல் ஒளி. பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அது நேராக நகர்வதில்லை, லேசாகத் தள்ளாடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்று கணக்குப் போட்டே சொன்னார்கள். பிறகுதான் தொலைநோக்கியில் அந்தத் துணை அகப்பட்டது. உருவம் பூமியளவு; எடை சூரியனளவு. ஒரு கரண்டி எடுத்தால் டன் கணக்கில் கனக்கும்.

இவ்வளவு சின்னது எப்படி இவ்வளவு கனக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று கதைக்குள் வந்தது.

2

முதல் தொடக்கம்: "பிரெஞ்சுக் கொடி இறங்கிய அந்த நாளில்—" வேண்டாம். கொடியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

இரண்டாவது: செல்வாம்பாளின் மூத்த மகள் அஞ்சலாட்சி 1952 ஆடியில் பிறந்தாள். மேரியில் (நகரசபை அலுவலகத்துக்கு இங்கே அதுதான் பெயர்) பிறப்பைப் பதிந்து தாள் வாங்கினார்கள். 1954 தொடக்கத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். இறப்பைப் பதியவில்லை. அதே வருஷம் ஐப்பசியில் கொளஞ்சி பிறந்தாள். ஆட்சி மாறுகிற அமளியில் அப்பன் காத்தவராயன் அவள் பிறப்பையும் பதியாமல் விட்டுவிட்டான். இப்போது 1961. கொளஞ்சியைப் பள்ளியில் சேர்க்கத் தாள் கேட்கிறார்கள்.

3

மில்லிலிருந்து வந்த காத்தவராயன் கால்கூடக் கழுவவில்லை.

"மூத்தவ தாளு பொட்டியிலதான கெடக்குது? அதயே குடுத்துடலாம். பேர மாத்திக் கூப்புட்டா முடிஞ்சிது."

"ரெண்டு வயசு கூட காட்டுமே," என்றாள் செல்வாம்பாள்.

"உன்ன மாரி குள்ளம்னு நெனச்சிக்குவாங்க." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "புதுசா வாங்கணும்னா கோர்ட்டு, சாட்சின்னு அலையணும். மில்லுல எவன் லீவு குடுப்பான்? இந்த வருசமும் வூட்டுலயே கெடக்கட்டுமா அது?"

மகளிடம் திரும்பினான். வரும்போதே தெருவில் நிறுத்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். "ஒம் பேரு இன்னா கண்ணு?"

"அஞ்சலாட்சி!" என்று கத்திவிட்டுக் கொளஞ்சி கையை நீட்டினாள். ஒரு முறுக்கு கிடைத்தது. அதோடு தெருவுக்கு ஓடினாள்.

[முறுக்கை அடித்துவிடப் பார்த்தேன். அது இல்லாமல் இந்த இடம் நிற்கவில்லை.]

ஏழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொல்லாத பெயர். செல்வாம்பாள் அடுப்புக்குப் போகத் திரும்பியவள், சுவர்ப் பக்கம் போய் நின்றாள்.

காத்தவராயனைக் கெட்டவனாக்க முயன்றேன், முடியவில்லை. அவன் கேட்பது பெண்ணின் படிப்புக்காக.

4

ஒரு முடிவு: அவள் சம்மதிக்கிறாள். கொளஞ்சி அக்காளின் பெயரில் படித்து டீச்சராகிறாள். [நியாயமான முடிவுதான். எனக்கு எழுத வரவில்லை.]

இன்னொன்று: அவள் வாசலுக்கு வந்து சிரியஸைப் பார்க்கிறாள். அதன் ஒளி இங்கே வந்துசேர எட்டரை ஆண்டுக்குச் சற்று மேலே ஆகும். ஆகவே இந்த மாசியில் அவள் காண்பது 1952 ஆடியில் புறப்பட்ட ஒளி. மகள் பிறந்த அதே—

கணக்கு பொருந்தியதும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அந்த ஆறுதல் எனக்குத்தான், அவளுக்கு இல்லை. ஆனாலும் அவளை வாசலுக்கு அழைத்தேன். வந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. தெருவில் நொண்டி ஆடிக்கொண்டிருந்த மகளையே பார்த்தாள்.

பிறகு கோர்ட்டுக்கு அலைந்தார்களா, கொளஞ்சி பள்ளிக்குப் போனாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்:

"புதுப் பேர சொல்லி நீயும் ஒருக்கா கூப்புடு," என்றான் காத்தவராயன் உள்ளேயிருந்து. "அம்மா வாயால கேட்டாதான் அதுக்குப் பழகும்."

செல்வாம்பாள் படியிறங்கித் தெருவுக்குப் போனாள்.

"கொளஞ்சி," என்றாள். "சோறு ஆறுது. வா."