வெட்டாமல் விட்ட பகுதி

அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தாலே பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில்தான் ஸ்டூடியோ. 'தலைகீழ்ச் செய்திகள்' என்ற நையாண்டி நிகழ்ச்சியை அங்கேதான் எடுப்பார்கள். வியாழக்கிழமை எடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் போடுவார்கள். கோட்டு போட்டுக்கொண்டு, முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு அதில் செய்தி வாசிப்பவள் பிலோமினா. ஆறு வருஷமாக வாசிக்கிறாள். பாசாருக்கு மீன் வாங்கப் போனால்கூட, "அக்கா, இந்த வாரம் யாரைக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள்.

யாரைக் கிழிப்பது என்பது அவள் கையில் இல்லை. பலகைதான் முடிவு செய்யும். தயாரிப்பாளர் பரமேஸ்வரன் அதன் நடுவே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆளும் கட்சி, அந்தப் பக்கம் எதிர்க்கட்சி. இங்கே ஒரு ஜோக் போனால் அங்கேயும் ஒன்று போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி இழுப்பார். ஒருத்தன் ஒரு பாலத்தையே விழுங்கி ஏப்பம் விட்டிருப்பான், இன்னொருத்தன் மேடையில் தும்மியிருப்பான். பலகையில் இரண்டு பேருக்கும் ஒரே குச்சி. இதற்குப் பெயர் நடுநிலை. கேட்டால், "நாம யார் பக்கமும் இல்ல பிலோ, அதான் நமக்கு மரியாதை" என்பார். மரியாதையாம், மண்ணாங்கட்டி.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கிள்ளான் லிஃப்ட் கதை வந்து ஏறியது.

கிள்ளானில் ஏழு மாடி மலிவு விலை ஃப்ளாட் ஒன்று. இருக்கிற ஒரே லிஃப்ட் எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. அந்தத் தொகுதி வைபி, ஆளும் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர், மேளதாளத்தோடு வந்து ரிப்பன் வெட்டி லிஃப்டைத் திறந்து வைத்தார். மாலை, போட்டோ, கைதட்டல் எல்லாம் ஆனது. நாலே நாள். ஐந்தாம் நாள் லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. குடியிருப்பாளர்கள் வைபி ஆபீசுக்குப் போன் போட்டால், "அதான் திறந்தாச்சே" என்று பதில் வந்ததாம். என்ன திமிர் பாருங்கள். எதிர்க்கட்சியின் வட்டாரத் தலைவரும் சும்மா இருக்கவில்லை. கீழே பேனரைப் பிடித்துக்கொண்டு, 'மக்களோடு நிற்கிறேன்' என்று ஃபேஸ்புக்கில் நேரலை போட்டார். நின்றதோடு சரி. ஒரு படிகூட ஏறவில்லை.

பிலோமினாவும் எழுத்தாளன் முகுந்தனும் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஏழாவது மாடியில் வீரம்மா இருந்தாள். அறுபத்து மூன்று வயது, பருத்த உடம்பு, பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. புருஷன் தம்புசாமிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், தூக்கிக்கொண்டு ஏறுவார்கள்.

வீரம்மா படியேறுவதே ஒரு கச்சேரி. ஒரு மாடி ஏறி நிற்பாள், ஒருத்தரை வாங்கு வாங்கென்று வாங்குவாள். முதல் மாடியில் ஃப்ளாட் நிர்வாகத்தை. இரண்டாவதில் பழைய மோட்டாரை மாட்டிவிட்டுப் போன கான்ட்ராக்டரை. மூன்று, நாலு, ஐந்து மாடிகள் மொத்தமாக வைபிக்கு. ஆறாவது மாடி பேனர்க்காரருக்கு. ஏழாவது மாடிக்கு வரும்போது திட்ட மூச்சிருக்காது. கதவில் சாய்ந்துகொண்டு இளைப்பாள்.

முகுந்தன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிலோமினா கேட்டாள். "ஆன்டி, இதை அப்படியே டிவியில நடிச்சுக் காட்டட்டுமா?"

"காட்டுமா. என் பேரையே போடு. திட்டினது வீரம்மான்னு அந்தாளுக்குத் தெரியட்டும்" என்றாள் வீரம்மா. பிறகு சற்று யோசித்து, "ஆனா ஒண்ணு, நான் சும்மா மூச்சு வாங்கறவ இல்ல. திட்டிக்கிட்டே ஏர்றவ. அதை விட்டுடாத" என்றாள்.

"ஒரு வார்த்தைகூட விடாம வரும் ஆன்டி." பிலோமினா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, ஏப்ரன் போட்டுக்கொண்டு, மரப்படி செட்டில் பிலோமினா ஏறினாள். என்ன ஏறல். கேமராக்காரனுக்கே சிரிப்பில் கேமரா ஆடியது. பரமேஸ்வரன் மட்டும் சிரித்து முடித்துவிட்டுப் பலகையிடம் போனார்.

"மூணுக்கு ஒண்ணா இருக்கே பிலோ. வைபிக்கு மூணு மாடி, எதிர்க்கட்சிக்கு ஒரே மாடியா? இன்னும் ரெண்டு போடு லா."

"அந்தாளு பண்ணது ஒரு தப்புதான் அண்ணே. பண்ணாத தப்புக்கு நான் எங்க போறது?"

முகுந்தன் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோழை. பரமேஸ்வரன் தலையைச் சொறிந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில், "சரி சரி, போகட்டும்" என்றார். பிலோமினாவும் நம்பிவிட்டாள். ஆறு வருஷம் கூட இருந்தும் அந்த மனுஷனை நம்பினாளே, அதைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஃப்ளாட்டின் கீழ்த்தளத்துப் பொதுமண்டபமான டேவானில் பெரிய டிவியை வைத்துவிட்டார்கள். வீரம்மா ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தாள். எண்பது பேர் வந்துவிட்டார்கள். யாரோ பெரிய சட்டியில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். தம்புசாமியையும் நாற்காலியோடு இறக்கிவிட்டார்கள். வீரம்மா தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியைப் பிலோமினாவுக்குப் பிடித்து வைத்திருந்தாள்; பிலோமினாவும் வந்து உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. "கிள்ளானிலிருந்து வீரம்மா" என்று திரையில் எழுத்து வந்ததும் டேவானே கைதட்டியது.

திரையில் முதல் மாடி வந்தது. பிலோமினா கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். திட்டு இல்லை. பின்னணியில் சிரிப்புச் சத்தம் போட்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கேயும் திட்டு இல்லை, சிரிப்புதான். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் வெறும் காலும் வியர்வையும். ஆறாவதில் தலையணை ஒரு பக்கம் சரிந்தது, அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. ஏழாவதில் கதவில் சாய்ந்து இளைத்தாள். அவ்வளவுதான். நிர்வாகம் இல்லை, கான்ட்ராக்டர் இல்லை, வைபி இல்லை, பேனர்க்காரர் இல்லை. லிஃப்ட் என்ற சொல்கூட இல்லை. ஒரு குண்டுப் பெண்பிள்ளை படியேற முடியாமல் திண்டாடுகிறாள், ஊரே பார்த்துச் சிரிக்கிறது. "அடுத்து விளையாட்டுச் செய்திகள்" என்றாள் திரையில் இருந்த பிலோமினா, கல்லு முகத்தோடு.

டேவானில் பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

பிலோமினாவுக்கு வீரம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த இளைப்பை அணு அணுவாகப் பார்த்து, பழகி, நடித்துக் கொடுத்தது இவள்தானே. அவன்கள் வெட்டினான்கள், சரி. வெட்டுவதற்கு இவ்வளவு நன்றாக நடித்துக் கொடுத்தவளை என்ன செய்வது?

"வைபி எங்கம்மா?" என்று கேட்டாள் வீரம்மா. சத்தம் போடவில்லை.

"வெட்டிட்டாங்க ஆன்டி."

"அந்தப் பேனர்க்காரன்?"

"அவனையும்தான்."

"அப்ப என்னை ஏன் வெட்டல?"

பிலோமினா ஹேண்ட்போனை எடுத்துப் பரமேஸ்வரனைக் கூப்பிட்டாள். டேவான் முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கோவப்படாத பிலோ. வெள்ளிக்கிழமை வைபி ஆபீஸ்ல இருந்து என் ஹேண்ட்போனுக்கே கூப்பிட்டாங்க. எலெக்‌ஷன் நேரம்னாங்க. நான் என்ன செய்ய முடியும்? அவரை மட்டும் எடுத்துட்டா மத்தவங்க ஒருதலைப்பட்சம்னு கத்துவாங்க. அதான் ரெண்டு பக்கமும், ஒரு திட்டு விடாம எடுத்துட்டேன். ஃபேர்தானே லா?"

"வீரம்மா ஆன்டியை மட்டும் விட்டு வச்சீங்களே, அது எதுக்கு?"

பரமேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

"அவங்களைப் பத்தி யாரும் கூப்பிடலையே பிலோ."

எண்பது பேருக்கும் அது கேட்டது. நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு மறுஒளிபரப்பு இருக்கு, அதோட மக்கள் மறந்துடுவாங்க என்று அவர் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். பிலோமினா போனைத் துண்டித்தாள்.

"நாளைக்கு மறுபடியும் போடப் போறானா?" வீரம்மா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "நம்பரைக் குடு. நான் கூப்பிடறேன். என்னையும் வெட்டுடான்னு சொல்றேன். என் மானம் என்ன அவன் வீட்டுக் கால்மிதியா?"

"வேணாம் ஆன்டி. உங்களையும் வெட்டிட்டா அப்புறம் ஒண்ணுமே மிச்சம் இருக்காது. அந்தாளுங்களுக்கு அதுதான் வேணும். வெட்டினதைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்க."

அந்த நம்பரை வெளியே கொடுத்தால் என்ன நடக்கும் என்று பிலோமினாவுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். வீட்டு வாடகை, மகள் கிறிஸ்டினின் காலேஜ் எல்லாம் கண்முன்னே வந்து போனது. பிறகு மூலையில் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நம்பரைப் பெரிதாக எழுதி டிவி மேலே சாய்த்து வைத்தாள். வைபி ஆபீஸ்காரன் கூப்பிட்ட அதே நம்பர்.

முதலில் தம்புசாமிதான் கூப்பிட்டார். ஹலோ சொல்லவே அவருக்கு மூச்சுத் திணறும், ஆனாலும் சொன்னார். "நான் தம்புசாமி. ஏழாவது மாடி. என் பொண்டாட்டி திட்டினதைப் போடுங்க." அடுத்து நாற்காலி தூக்குகிற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது மாடிச் சீன அங்கிள் மலாயில் வெளுத்து வாங்கினார். சிரித்தவர்களும் வந்து வரிசையில் நின்றார்கள். வீரம்மா கூப்பிட்டபோது பரமேஸ்வரனை வாயைத் திறக்க விடவில்லை. முதல் மாடியிலிருந்து ஆறாவது மாடி வரை, ஒரு வார்த்தை குறையாமல், மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

இருபது போனுக்கு மேல் போன பிறகு பிலோமினாவின் ஹேண்ட்போன் அடித்தது.

"என் நம்பரைக் கொடுத்தியா?" பரமேஸ்வரன் கத்தினார். கோபமா, பயமா, தெரியவில்லை. "ஆறு வருஷமா நான் கட்டிக் காத்த பேரு பிலோ. நடுநிலைன்னு ஒண்ணு இருக்கு. நீ ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டே. வியாழக்கிழமை நீ வர வேணாம்."

"சாய்ஞ்சிட்டேன் அண்ணே" என்றாள் பிலோமினா. "இந்த ஆறு வருஷத்துல எப்பவோ சாய்ஞ்சிருக்கணும். இப்ப போனை வைங்க. உங்க லைனுக்காக இங்க நாப்பது பேரு வரிசையில நிக்கறாங்க."