துடைத்த பக்கம்

இருட்டறை. நடுவில் ஒரு மேசை. மேசைமேல் வெள்ளைத் தாள். தாளின்மேல் சூரியன்.

தோசைக்கல் அகலம் இருக்கும். சுடாது. கையை நீட்டினால் கைமேல் ஏறிக்கொள்ளும், பூனைக்குட்டி மாதிரி.

கூரைமேல் கண்ணாடிகள் வெயிலைப் பிடித்து, குழாய் வழியாக இறக்கி, அந்தத் தாளில் ஊற்றிவிடுகின்றன. மேகம் வந்தால் அது வெறும் தாள். மேகம் விலகினால் மறுபடி சூரியன்.

மலைமேல் இருக்கிறது அந்த ஆராய்ச்சி நிலையம். இசக்கியம்மாள் அங்கே சூரியனைப் படிக்கப் போனவள். விளாத்திகுளத்துப் பெண். அவள் ஊரில் வெயிலுக்காக யாரும் காத்திருந்ததில்லை. வெயில்தான் தெருவில் உட்கார்ந்து ஆட்களுக்காகக் காத்திருக்கும்.

"சூரியனப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போன?" என்று போனில் கேட்டாள் அம்மா. "இங்க மொட்டமாடியிலயே கெடக்கே. வந்து ரெண்டு கூடை அள்ளிட்டுப் போ."

மலையில் அள்ள முடியாது. மழை பெய்யும். மழை விட்டால் மூட்டம். மூட்டம் விலகினால் மறுபடி மழை. காட்டெருமைகள் கூட, ஈரம் சொட்ட, ஹாஸ்டல் சுவரோரம் வந்து ஒதுங்கி நிற்கும்.

அந்த மலையில்தான் அவளுக்கு வெயிலின் அருமை தெரிந்தது. ஒரு கீற்று விழுந்தால்கூட மனசுக்குள் கையெடுத்துக் கும்பிடுவாள். யாருக்கு என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது.

*

மழைக்காலத்துக்கு என்று ஒரு வேலை உண்டு. பழைய சூரியன்களைப் பார்ப்பது.

நம் தாத்தா காலத்துக்கும் முந்தைய ஆட்கள், வெயில் அடித்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டுகளில். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. உறைமேல் தேதி. உறைக்குள் அன்றைய சூரியன், அன்றைய கரும்புள்ளிகளோடு.

சூரியனில் புள்ளிகள் பெரும்பாலும் ஜோடியாக வரும், கண்ணுகளா. முன்னால் போகிற புள்ளி நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து போகும். பின்னால் வருவது கொஞ்சம் ஒதுங்கி வரும். சாமி புறப்பாட்டில் முன்னால் தூக்குகிறவர் குட்டை, பின்னால் தூக்குகிறவர் நெட்டை என்றால் பல்லக்கு எப்படிச் சாயும்? அப்படி.

இசக்கி அந்தச் சாய்வை அளந்தாள். வருஷம் வருஷமாக அளந்தாள். ஒரு பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில் ஜோடிகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பாள். பெட்டி முழுக்க.

அவளுடைய கைடு ஹேமலதா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தார். வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் வந்து பேசச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்தது. மெஸ்ஸில் அவளுக்கு ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

ஞானசிங்தான் எல்லாரையும்விடக் குதித்தான். நாகர்கோவில்காரன். அவளோடு ஒரே வருஷம் சேர்ந்தவன். அவள் புள்ளிகளை அளப்பவள். அவன் புள்ளிகள் ஏன் அப்படி வருகின்றன என்று கணக்குப் போடுகிறவன்.

"எட்டி, ஒனக்க சூரியன் நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போடும், பாத்துக்க" என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து, அந்த எதிர்ச் சாய்வுக்குக் காரணம் கண்டுபிடித்தான். அவனுடைய ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் அதுதான். மகுடம் என்று சொல்லலாம்.

*

அவன் ஆய்வேட்டை நிறைவு செய்து பேசவேண்டிய செமினாருக்கு முதல் நாள். மத்தியானம். மழை.

"அந்தப் பெட்டியில இருந்து நாலஞ்சு நாள் படத்த அடுக்கி ஓட்டித் தாயேன்" என்று கேட்டிருந்தான். "பாக்கதுக்கு நல்லா இருக்கும்."

அடுக்கினாள். ஓட்டினாள்.

சூரியன் பின்னால் சுழன்றது.

புள்ளிகள் கிழக்கே பிறந்து மேற்கே போகும். ஆதியிலிருந்து அப்படித்தான். இங்கே மேற்கிலிருந்து கிழக்கே வந்தன. திரும்ப ஓட்டினாள். திரும்பவும் கிழக்கே வந்தன.

கை அப்படியே நின்றுவிட்டது. ஞாபகம் மட்டும் ஓடியது.

அந்தப் பெட்டியில் மட்டும் பூஞ்சை பிடித்திருந்தது. தட்டின் ஒரு பக்கம் மருந்துப் பூச்சு, அதில்தான் சூரியன் இருக்கும். மறுபக்கம் வெறும் கண்ணாடி. வெறும் பக்கத்தை மட்டும் பஞ்சால் துடைத்தாள். துடைத்த பக்கத்தில் தூசி விழக்கூடாதே என்று அதைக் கீழே வைத்துத் துணிமேல் பரப்பினாள். அப்படியே எடுத்து அப்படியே ஸ்கேனரில் வைத்தாள்.

மற்ற பெட்டிகளில் மருந்துப் பக்கம் கீழே. இந்தப் பெட்டியில் மருந்துப் பக்கம் மேலே.

கண்ணாடிதானே. எந்தப் பக்கம் வைத்தாலும் சூரியன் தெரியும். இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான்.

எவ்வளவு பத்திரமாகத் துடைத்தாளோ, அவ்வளவு பத்திரமாகத் தப்புச் செய்திருந்தாள்.

*

மழை பெய்தது.

தட்டுகளை உறையில் போட்டு, பெட்டியை மூடி, அலமாரியின் உச்சியில் வைத்துவிடலாம். எவரும் அதை மறுபடி திறக்கப் போவதில்லை. அவன் நாளைக்குப் பேசுவான். கைதட்டுவார்கள். அவனுக்குப் பட்டம். அவளுக்கு விமானம்.

சொன்னால் எல்லாம் போகும். அவளுடையது போனால் போகட்டும். அவனுடையதும் போகும்.

மூட்டம் ஜன்னலில் வந்து முகத்தை வைத்துப் பார்த்தது. அவள் எழுந்தாள்.

தாழ்வாரத்தில் அவன் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். சுவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏல, அந்தப் பெட்டிய நான் திருப்பிப் போட்டுட்டேன்" என்றாள். "எதிர்ச்சாய்வே கெடையாது. எல்லாம் என் கையால வந்த தப்பு."

"வெளையாடாதட்டி. நாளைக்குப் பேசணும்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

கூடவே வந்தான். படத்தை ஓட்டிப் பார்த்தான். சூரியன் பின்னால் சுழன்றது. நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான்.

"நீங்க போங்க" என்றான். "எனக்கு வேலை இருக்கு."

நீங்க.

மூன்று வருஷம் எட்டி என்றவன். ஒரே தட்டில் பரோட்டா பிய்த்தவன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

மேடத்திடமும் போய்ச் சொன்னாள். "வேற பெட்டிலயும் இருக்குமா?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். எல்லாத்தையும் மறுபடி பார்க்கணும்."

"சரி. பாரு. அந்த வெளிநாட்டுக் கூட்டத்துக்கு நான் எழுதிடறேன்." கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் அவள் அழுதாள்.

*

மறுநாள் செமினார். இசக்கி கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தாள்.

ஞானசிங் பேசினான். நன்றாகவே பேசினான். கடைசி அத்தியாயம் வந்ததும் நின்றான். தண்ணீர் குடித்தான்.

"இதுக்கு மேல என்கிட்ட அத்தியாயம் இல்ல" என்றான். "நேத்து மத்தியானம் வரைக்கும் இருந்தது. ஒரு பெட்டித் தட்டுகள நாங்க திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணிட்டோம். நாங்களேதான் கண்டுபிடிச்சோம். அந்த முடிவு தப்பு."

நாங்க என்றான்.

அவன் ஒரு தட்டைக்கூடத் தொட்டதில்லை, கண்ணுகளா. பஞ்சைத் தொட்டதில்லை. அந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கூரைமேல் மழை மட்டும். கடைசி வரிசையில் ஒரு பெண் தன் இரண்டு கைகளையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

கமிட்டி ஆறு மாதம் கூட்டிக் கொடுத்தது. கணக்கைத் திருத்திக் கொண்டுவா என்றது.

கூட்டம் கலைந்தபோது அவள் வழியில் நின்றாள். அவன் தலையை அசைத்துவிட்டுப் போனான். எல்லார் முன்னாலும் அவளைத் தாங்கினான். தனியே பார்க்க இன்னும் முடியவில்லை. மனுஷ மனசு அப்படித்தான், இரண்டும் உண்மையாக இருக்கும்.

*

மழை பெய்தது. ஐப்பசி போனது. கார்த்திகையும் பாதி போனது.

இசக்கி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். ஒவ்வொரு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். பளபளத்தால் வெறும் பக்கம். மங்கினால் மருந்துப் பக்கம். பளபளப்பு. மங்கல். பளபளப்பு. மங்கல்.

வேறு எந்தப் பெட்டியிலும் தப்பு இல்லை. தப்பான பெட்டியின் தட்டுகளைச் சரியாக வைத்துப் பார்த்தாள். ஜோடிகள் எல்லாம் முறையாகச் சாய்ந்திருந்தன. புதிதாக ஒன்றுமே இல்லை. சூரியன் என்றும்போல் இருந்தது.

ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. எவரோ பெரியவர்மேல் வீண்பழி சொல்லிவிட்டு, பிறகு அவர் வீட்டுக்கே போய், அவர் கோபமில்லாமல் உட்காரச் சொன்னது மாதிரி இருந்தது.

திருத்திய அளவுகளை ஞானசிங்குக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை.

*

அந்த நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. நாட்கணக்கில் மூட்டம் போட்டிருக்கும்போது, யார் முதலில் வெயிலைப் பார்க்கிறார்களோ அவர்கள் தாழ்வாரத்தில் ஓடிக் கதவையெல்லாம் அறையவேண்டும். அவ்வளவு சின்ன இடைவெளி அது. செருப்புத் தேடுவதற்குள் மூடிவிடும்.

ஒரு காலை. இசக்கி தலைக்குக் குளித்து, ஈரத்துண்டைத் தலையில் சுற்றி நின்றாள். அவள் அறைக் கதவு அதிர்ந்தது. மற்ற கதவுகளுக்கு விழுந்ததைவிட இரண்டு அடி கூடுதலாக.

"எட்டி! வெயிலு! ஓடியா!"

எட்டி.

தலைத்துண்டு அவிழ, வெறுங்காலோடு ஓடினாள். முன்னால் அவன் ஓடினான். ஓடிக்கொண்டே கத்தினான். "ஒனக்க புது அளவு எல்லாம் போட்டுப் பாத்தேன். அந்தச் சாய்வுக்குன்னு நான் வலிஞ்சு சேத்த நாலு வரி இருந்துச்சில்லா, அத வெட்டிட்டேன். கணக்கு இப்பதான் மூச்சு விடுது. ஆனா ஒரு வருசம் போச்சு, பாத்துக்க. அத ஒரு நாளும் மறக்க மாட்டேன்."

"மறக்காத" என்றாள் இசக்கி, மூச்சு வாங்க. "மறக்காதல."

இருட்டறைக்குள் நுழைந்தார்கள். மேசை. வெள்ளைத் தாள்.

தாள் வெறும் தாளாக இருந்தது. ஒரு நொடி. இன்னொரு நொடி. மேலே எங்கோ மேகம் நகர்ந்தது.

சூரியன் வந்து உட்கார்ந்தது.

கிழக்கு ஓரத்தில் புதிதாக ஒரு ஜோடிப் புள்ளி. முன்னது கொஞ்சம் சாய்ந்து. பின்னது கொஞ்சம் ஒதுங்கி. மேற்கே பார்த்து, தன் பாட்டுக்கு.

அவன் பென்சிலால் குறித்தான். அவள் தாள் அசையாமல் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் அவள் விரல்மேலும் ஏறியது, அவன் விரல்மேலும் ஏறியது. இருவரும் கையை எடுக்கவில்லை.